பாரிஸில் வரைந்த சோழமண்டலம்

1752 நவம்பரில் பாரிஸில் ஓர் இந்திய நிலப்படம் வெளிவந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள் ஐரோப்பாவில் அதற்கு நிகரான இந்தியப் படம் வேறில்லை. வரைந்தவர் ழான்-பாப்டிஸ்ட் பூர்கிஞ்ஞோன் தான்வில். பிரெஞ்சு மன்னரின் புவியியலாளர் என்ற பட்டம் பெற்றவர். வரையச் சொன்னது பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அடுத்த ஆண்டே சோழமண்டலக் கரையை மட்டும் தனியாக, பெரிய அளவில் வரைந்து அவர் வெளியிட்டார். இந்தியப் படத்தில் எந்த ஊரை ஏன் அந்த இடத்தில் வைத்தேன் என்று விளக்கும் ஒரு நூலும் அதே 1753-இல் வந்தது. இவ்வளவும் செய்தவர் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பாரிஸையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு அவர் வெளியே போனதே இல்லை என்று சொல்லப்படுகிறது. இப்படிப்பட்ட படத்தை இன்று எப்படிப் படிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. ஒரு தனி மேதையின் சாதனை என்று வியந்து படிக்கலாம். ஓர் அரசின் ஆதிக்கக் கருவி என்று ஒதுக்கியும் படிக்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும் இரண்டுமே போதாது. பழைய நிலப்படம் என்பது பலர் சொன்ன சாட்சியத்தை ஒருவர் எடைபோட்டு எழுதிய தீர்ப்பு. தீர்ப்பு எழுதியவரின் பெயர் படத்தில் இருக்கிறது. சாட்சி சொன்னவர்களில் பெரும்பாலோரின் பெயர் இல்லை. அந்தச் சாட்சிகளைத் தேடிப் படிக்கும்போதுதான் படம் முழுமையாகப் பொருள் தரும்.

தான்வில் 1697-இல் பாரிஸில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே கிரேக்க, ரோமானிய நூல்களைப் படித்து அவற்றில் வரும் ஊர்களுக்குப் படம் போடத் தொடங்கியவர். 22 வயதில் மன்னரின் புவியியலாளர்களில் ஒருவரானார். பின்னர் ஓர்லியான் கோமகனின் செயலாளராகவும் இருந்தார். 1752-ஆம் ஆண்டுப் படத்தில் அந்தப் பதவியும் குறிக்கப்பட்டிருக்கிறது. மன்னரின் முதன்மைப் புவியியலாளர் என்ற உயர்ந்த பட்டம் 1773-இல், அவருடைய முதுமையில்தான் வந்தது. 1782-இல் இறக்கும்போது 200-க்கும் மேற்பட்ட படங்களையும் ஏராளமான ஆய்வுரைகளையும் அவர் வெளியிட்டிருந்தார். அவருடைய உண்மையான செல்வம் வேறு. அச்சிட்டவையும் கையால் வரைந்தவையுமாகச் சுமார் பத்தாயிரம் நிலப்படங்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்திருந்தார். 1779-இல் பதினாறாம் லூயி மன்னர் அந்தத் தொகுப்பை விலைக்கு வாங்கினார். மாலுமியின் குறிப்பு, பாதிரியாரின் கடிதம், வணிகரின் பயணக் கணக்கு, பழைய அரபுப் புவியியலாளர்களின் நூல் என எது பாரிஸுக்கு வந்து சேர்ந்தாலும் அது அவர் மேசைக்கும் வந்தது. ஊர் சுற்றாத மனிதரிடம் உலகத்தின் பாதைகள் எல்லாம் தாளாகக் குவிந்தன.

அந்தத் தாள்களை அவர் என்ன செய்தார் என்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓர் ஊரைப் படத்தில் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும்: அட்சரேகை, தீர்க்கரேகை. அட்சரேகையைக் கண்டுபிடிப்பது அக்காலத்திலும் கடினமில்லை. நண்பகல் சூரியனின் உயரத்தையோ துருவ விண்மீனின் உயரத்தையோ கோணமானியால் அளந்தால் போதும். தீர்க்கரேகைதான் சிக்கல். வியாழன் கோளின் துணைக்கோள் ஒன்று நிழலில் மறையும் நேரத்தைப் பாரிஸிலும் புதுச்சேரியிலும் தனித்தனியே குறித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும். அந்த வேறுபாடு ஏறத்தாழ 5 மணி 10 நிமிடம். இதில் ஒரே ஒரு நிமிடம் பிசகினாலும் புதுச்சேரி தன் இடத்திலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் கிழக்கே கடலுக்குள்ளோ மேற்கே வயலுக்குள்ளோ போய்விடும். தொலைநோக்கியும் நல்ல ஊசல் கடிகாரமும் மேகமில்லாத இரவும் வேண்டிய இந்த வேலையைத் துறைமுகங்களில் செய்யலாம். உள்நாட்டில் எல்லா ஊரிலும் செய்ய முடியாது. ஆகவே கரையோரத்தில் சில ஊர்களை வானியல் கணக்கால் உறுதி செய்துகொண்டு, இடையில் உள்ள நூற்றுக்கணக்கான ஊர்களைப் பயணத் தூரத்தைக் கொண்டே பொருத்த வேண்டியிருந்தது. அந்தத் தூரமோ மைலில் வருவதில்லை. வடக்கே குரோசம், தெற்கே காதம், நாழிகை வழி என நடையாலும் பொழுதாலும் அளந்த தூரமாகவே வந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் குரோசத்தின் நீளம் மாறும். மலைப்பாதையில் ஒரு நாள் நடையும் சமவெளியில் ஒரு நாள் நடையும் ஒன்றல்ல. இவற்றை ஒப்பிட்டு ஒரே அளவுக்குக் கொண்டுவருவதுதான் தான்வில்லின் தனித்திறமை. பண்டைய, இன்றைய வழி அளவைகளைப் பற்றி 1769-இல் அவர் தனி நூலே எழுதினார்.

தெற்குப் பகுதிக்கு அவருக்குக் கிடைத்த முக்கியமான ஆதாரம் ஒரு சேசு சபைத் துறவியிடமிருந்து வந்தது. ழான் வெனான் பூஷே என்ற அந்தத் துறவியைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரிய சஞ்சீவிநாதர் என்று அழைத்தார்கள். சயாம் நாட்டில் 1688-இல் நடந்த ஆட்சிமாற்றத்துக்குப் பின் அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சுத் துறவிகளில் ஒருவரான அவர், மதுரை மறைபணியில் சேர்ந்து திருச்சிராப்பள்ளியை அடுத்த ஆவூரில் பல ஆண்டுகள் இருந்தார். பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய கர்நாடக மறைபணிக்குத் தலைவரானார். தென்னாட்டின் நிலப்படம் ஒன்றையும் அதற்கு விளக்கமாக 1719-இல் ஒரு கடிதத்தையும் அவர் அனுப்பினார். சேசு சபைக் கடிதத் தொகுதியில் 1722-இல் இவை அச்சேறின. கரையோரத்தை மட்டும் அறிந்திருந்த ஐரோப்பாவுக்கு மதுரை, தஞ்சை, செஞ்சிச் சீமைகளின் உட்பகுதி ஓரளவு ஒழுங்காகக் கிடைத்தது அப்போதுதான். வடக்கே சந்தன்நகரில் இருந்த பூதியே என்ற துறவி, ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங்கின் அழைப்பின் பேரில் 1734-இல் அங்கே பயணம் செய்து, வழிநெடுக ஊர்களின் இருப்பிடத்தை வானியல் முறையில் கணித்தார். இத்தகைய குறிப்புகளும் தவெர்னியே, தெவனோ போன்ற பயணிகளின் நூல்களும் சேர்ந்தே 1752-ஆம் ஆண்டுப் படத்துக்கு அடித்தளம் ஆயின. இந்தத் துறவிகள் வானத்தைப் பார்ப்பதில் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்குப் புதுச்சேரியே சாட்சி: 1689 டிசம்பரில் ரிஷோ என்ற துறவி அங்கிருந்து தொலைநோக்கியில் பார்த்துத்தான் ஆல்பா செண்டாரி ஒற்றை விண்மீன் அல்ல, இரட்டை என்று கண்டுபிடித்தார்.

நாட்டைப் பார்க்காமலே அதற்குப் படம் போடுவது அறிவாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்டவனுக்கும் கேட்டவனுக்கும் வேறுபாடு இல்லையா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பயணி காண்பது என்ன? தான் நடந்த பாதையின் இருபுறமும் கண்ணுக்கு எட்டிய அளவு மட்டுமே. சென்னையிலிருந்து மதுரைக்குப் போனவருக்கு மதுரையிலிருந்து கொச்சிக்குப் போகும் வழி தெரியாது. இரு பயணிகள் ஒரே ஊரைக் குறிப்பிட்டு வெவ்வேறு தூரம் சொன்னால், யார் சொல்வது சரி என்பதைப் பயணத்தால் தீர்க்க முடியாது, ஒப்பீட்டால்தான் முடியும். அந்த ஒப்பீட்டுக்குத் தேவை எல்லாப் பாதைகளின் குறிப்பும் ஒரே மேசையில் இருப்பது. தான்வில்லின் முறை வெறும் ஊகமல்ல என்பதற்கு இத்தாலியே சான்று. பழைய ரோமானியச் சாலைத் தூரங்களையும் அண்மைக் குறிப்புகளையும் ஒப்பிட்டு, அதுவரை வந்த படங்கள் இத்தாலியை உண்மையைவிடப் பல ஆயிரம் சதுர லீக் பெரிதாகக் காட்டிவிட்டன என்று 1744-இல் அவர் வாதிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியில் பொஸ்கோவிச், மேர் என்ற இருவர் களத்தில் இறங்கி அளந்தபோது, அவர் செய்த திருத்தம் சரிதான் என்று தெரிந்தது. ஒருமுறைகூட இத்தாலிக்குப் போகாதவர் அந்நாட்டின் உருவத்தைத் திருத்தியிருக்கிறார் என்றால், அவருடைய முறைக்கு உள்ள வலிமையை மறுக்க முடியாது.

அந்த முறையின் இன்னொரு பக்கம், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை. அவருக்கு முந்தைய படங்கள் வெற்றிடத்தை விரும்பவில்லை. ஆப்பிரிக்காவின் நடுவில் கற்பனை மலைகளும் ஆறுகளும் வரைந்தார்கள். ஆசியாவில் சியாமாய் என்ற பெயரில் ஒரு பெரிய ஏரியைக் கற்பித்து, அதிலிருந்து பல ஆறுகள் பிறப்பதாக நூற்றாண்டுக் கணக்கில் காட்டிவந்தார்கள். அப்படி ஓர் ஏரியே கிடையாது. ஒருவர் போட்டதை மற்றவர் பார்த்துப் போட்டார். திரும்பத் திரும்ப வந்ததாலேயே பொய் உண்மைபோல் ஆகிவிட்டது. தான்வில் 1749-இல் வெளியிட்ட ஆப்பிரிக்கப் படத்தில் ஆதாரமில்லாத மலைகளையும் ஏரிகளையும் துடைத்தெறிந்து, உட்பகுதியின் பெரும்பாகத்தை வெறுமையாகவே விட்டார். இந்தியப் படத்திலும் அப்படியே. ஒரிசாவுக்கு மேற்கே கோண்டுவானாவை ஒட்டிய பரப்பில் ஊர்கள் இல்லை. விவரமான அறிவு கிடைக்காத பெரும் நிலப்பரப்பு என்று பொருள்படும் ஒரு வாசகத்தை மட்டும் எழுதினார். காசு கொடுத்துப் படம் செய்யச் சொன்ன கம்பெனியிடம் இந்த இடம் எனக்குத் தெரியாது என்று அச்சிலேயே சொல்வது சாதாரணத் துணிச்சல் அல்ல. விளக்க நூலை எழுதியதும் அதே மனப்பான்மையால்தான். தன் முடிவுக்கு எது ஆதாரம் என்று வாசகர் முன் எடுத்து வைப்பவர், தன்னைத் திருத்துவதற்கான வழியையும் சேர்த்தே கொடுக்கிறார்.

ஆயினும் அந்த வெற்றிடத்தை நாம் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அது யாருக்கு வெற்றிடம்? படம் அச்சான அந்தப் பத்தாண்டை எடுத்துக்கொள்வோம். நாகபுரியின் ரகுஜி போன்ஸ்லேயுடைய மராட்டியப் படைகள் 1742 தொடங்கி வங்காளத்தின் மீது மீண்டும் மீண்டும் படையெடுத்தன. 1751-இல் வங்காள நவாப் அலிவர்தி கான் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சௌத் என்ற கப்பம் தருவதாகவும் ஒரிசாவின் வருவாயை விட்டுக்கொடுப்பதாகவும் ஒப்புக்கொள்ளும் வரை இது நின்றபாடில்லை. நாகபுரிக்கும் வங்காளத்துக்கும் நடுவே கிடப்பது தான்வில் வெறுமையாக விட்ட அந்தப் பரப்புத்தான். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு எந்தக் கணவாயில் தண்ணீர் கிடைக்கும், எந்த ஆற்றை எந்த மாதத்தில் கடக்கலாம் என்று தெரியாமல் எந்தத் தளபதியும் அவ்வழியே படை நடத்தியிருக்க முடியாது. கர்ஹா-மண்ட்லா, தேவ்கர், சாந்தா என்று கோண்டு அரசுகள் பல தலைமுறை ஆண்ட நாடு அது. பூரி ஜகந்நாதரைக் காண மத்திய இந்தியாவிலிருந்து மக்கள் நடந்து போன வழிகளும் அங்கே இருந்தன. ஆக, வெற்றிடம் நிலத்தில் இல்லை. பாரிஸுக்குச் செய்தி வந்துசேரும் வழியில்தான் இருந்தது. தான்வில் பொய் சொல்லவில்லை. தமக்குத் தெரியாததை ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வெண்மையை ஆளில்லாத நிலம் என்று படித்தார்கள். ஆப்பிரிக்காவில் அப்படிப் படித்ததன் விளைவு அடுத்த நூற்றாண்டில் மிகக் கொடுமையாக வெளிப்பட்டது. நேர்மையான வெற்றிடம்கூட, அதைப் படிக்கும் முறை தவறினால் அநியாயத்துக்கு இடம் கொடுத்துவிடும்.

இங்கே இன்னொரு மறுப்பு எழும். மன்னரின் பட்டத்தைச் சுமந்தவர், கம்பெனிக்காகப் படம் போட்டவர்; அவருடைய நேர்மையைப் பற்றிப் பேசுவது வெகுளித்தனம் அல்லவா? இந்தக் கேள்விக்கு வலுவான சான்றும் உண்டு. தான்வில்லுக்கு முன் மன்னரின் முதன்மைப் புவியியலாளராக இருந்த கியோம் தெலில், 1718-இல் லூயிசியானாவின் படத்தை வெளியிட்டார். மிசிசிப்பி ஆற்றின் போக்கை முன்னெப்போதும் இல்லாத திருத்தத்துடன் காட்டிய படம் அது. அதே படம் ஆங்கிலேயக் குடியேற்றங்களைக் கடற்கரையோரமாக ஒடுக்கி, உட்பகுதியை எல்லாம் பிரான்சுக்கு உரியதாக விரித்தது. கரோலினா என்ற பெயரே பிரெஞ்சு மன்னர் ஒருவரின் நினைவாக வந்தது என்றும் குறித்தது. ஆங்கிலேயர் கொதித்தார்கள், ஹெர்மன் மோல் எதிர்ப்படம் போட்டார். திருத்தமான அறிவியலும் அரசின் உரிமைக்கோரலும் ஒரே தாளில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. தெலிலே 1723-இல் மலபார், சோழமண்டலக் கரைகளின் படத்தையும் வரைந்து பதின்மூன்று வயது மன்னர் பதினைந்தாம் லூயிக்குச் சமர்ப்பித்தார். அரசு கேட்டது கரைகளைத்தான். ஏனென்றால் அரசின் கப்பல்களும் கிடங்குகளும் கரையில் இருந்தன.

ஆனால் தான்வில்லின் இந்தியப் படத்தில் சாய்வு வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனிக்குத் தேவைப்பட்டது பொய்யான எல்லைக்கோடு அல்ல. கப்பல் கரை தட்டாமல் வரவும், படை வழி தவறாமல் போகவும் சரியான படம்தான் தேவை. 1752-ஆம் ஆண்டின் நிலைமையை நினைத்துப் பார்த்தால் இது புரியும். திருச்சிராப்பள்ளி முற்றுகை தோல்வியில் முடிந்து, ஸ்ரீரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது அந்த ஆண்டு ஜூனில். புதுச்சேரியில் ஆளுநர் துப்ளேக்ஸ் தென்னாட்டு அரசியலையே தன் கைக்குள் கொண்டுவர முயன்ற காலம். பாரிஸில் இருந்த இயக்குநர்களுக்கு ஆற்காடு எங்கே, செஞ்சி எங்கே, கொள்ளிடம் காவிரியிலிருந்து எங்கே பிரிகிறது என்பதெல்லாம் பணமும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயங்கள். ஆகவே அரசின் சாய்வு கோட்டை வளைக்கவில்லை. எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. துறைமுகமும் கோட்டையும் படைவழியும் நுணுக்கமாக வந்தன. பாசனம், பயிர், ஊர்க்குடிகள், பொது மேய்ச்சல் நிலம் இவை கேட்கப்படவே இல்லை. பட்டம் பெற்றவரை அரசின் கைப்பாவை என்று தள்ளிவிட்டால், கோடுகளில் உள்ள உழைப்பு கண்ணில் படாது. அவரைத் தூய அறிஞர் என்று மட்டும் போற்றினால், கேள்விகளைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது கண்ணில் படாது. எந்த அதிகாரமும் நேரடியாகப் பொய் சொல்லச் சொல்வதைவிட, எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுப்பதன் மூலமே அறிவை அதிகம் வளைக்கிறது.

இனி, பெயர் இல்லாத சாட்சிகளுக்கு வருவோம். பூஷே பாதிரியார் ஆவூரிலிருந்து புறப்பட்டு ஓர் ஊருக்குப் போனால் அவருக்கு வழி சொன்னவர் யார்? உபதேசியார். அடுத்த ஊர் எத்தனை காதம், எத்தனை நாழிகை வழி என்று கணக்குச் சொன்னவர்கள் சுமை தூக்கியவர்கள், சத்திரத்துக்காரர்கள், உழவர்கள். கடற்கரை ஊர்களிலிருந்து உள்நாட்டுக்கும் மேலைக் கரைக்கும் கடிதப்பை சுமந்து ஓடிய பட்டமார்கள் எந்த வழி மழைக்காலத்தில் அடைபடும் என்று அறிந்திருந்தார்கள். கம்பெனிக்கும் அரசவைகளுக்கும் நடுவே நின்ற துபாஷிகள் யாருடைய பாளையம் எங்கே தொடங்குகிறது என்று சொன்னார்கள். துப்ளேக்ஸின் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பைப் படித்தால், செய்தி எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், படை எங்கே இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அன்றாடம் பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம். புதுச்சேரியில் ஒரு தமிழர் தன் வீட்டில் அமர்ந்து தென்னாட்டின் நிலவரத்தை இப்படித் தொகுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில்தான், பாரிஸில் தான்வில் தன் மேசையில் அமர்ந்து அதே தென்னாட்டைத் தொகுத்துக்கொண்டிருந்தார். இருவரும் செய்தது ஒரே வகை வேலை: பலர் சொல்வதைக் கேட்டு, ஒப்பிட்டு, எதை நம்பலாம் என்று முடிவு செய்வது. ஒருவருடையது நிலப்படமாக அச்சேறி ஐரோப்பா எங்கும் போயிற்று. மற்றவருடையது குடும்பத்தின் கையெழுத்துப் புத்தகங்களாக நெடுங்காலம் கிடந்தது.

உள்ளூர் மக்களிடம் நிலப்படமே இல்லையே, அவர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அறிவு படமாக இருந்தால்தான் அறிவு என்பது தவறான அளவுகோல். தமிழ்நாட்டில் நிலத்தின் அறிவு பெரும்பாலும் சொல்லாகவே காக்கப்பட்டது. ஆனைமங்கலம் என்ற ஊரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்த சோழர் காலச் செப்பேட்டைப் பாருங்கள். லெய்டன் செப்பேடு என்று பலரும் அறிந்தது. பெண் யானையை எல்லை நெடுக நடக்கவிட்டு, அது போன வழியே கல்லும் கள்ளியும் நட்டு, கிழக்கு எல்லை எந்த ஊரின் எந்த வாய்க்காலை ஒட்டிப் போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த மேட்டைத் தொடுகிறது என்று நான்கு திசையிலும் விவரித்திருக்கிறார்கள். அந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வயலில் நடந்தால் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். தான்வில்லின் படமும் செப்புத் தகட்டில் செதுக்கப்பட்டு அச்சானதுதான். ஆனால் அதில் தஞ்சைச் சீமையின் ஒரு வாய்க்கால் எந்த வயலுக்குப் பாய்கிறது என்பது தெரியாது. செப்பேட்டில் அது தெரியும். ஆனால் தஞ்சைக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம் என்பது தெரியாது. ஒன்று மற்றொன்றைவிடத் தாழ்ந்தது என்று சொல்ல இடமில்லை. கேட்ட கேள்விகள் வேறு, அவ்வளவே. ஊரை அறிந்தவர்களின் அறிவும், ஊர்களுக்கு இடையே உள்ள உறவை அறிய விரும்பியவரின் கணக்கும் சேர்ந்த இடத்தில்தான் 1753-ஆம் ஆண்டுச் சோழமண்டலப் படம் பிறந்தது.

பெயர் தெரியாதவர்களின் பங்கை எப்படி நிறுவுவது, இது இன்றைய உணர்வை அன்றைய காலத்தின் மீது ஏற்றிச் சொல்வதாகாதா என்பது கடைசி மறுப்பு. பங்கை நிறுவப் படத்தின் இயல்பே போதும். கருவியோடு ஐரோப்பியர் யாரும் போகாத உள்ளூர்களின் பெயர்கள் படத்தில் இருக்கின்றன என்றால், அந்தப் பெயர்களை யாரோ சொல்லித்தான் ஆக வேண்டும். தூரங்கள் உள்ளூர் அளவையில் வந்தன என்றால், அளந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். உள்ளூர் வழக்கைச் சரியாகக் கேட்காதபோது என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு: தக்காணத்து மக்கள் கோதாவரியையும் கங்கை என்றே சொல்வதால், ஐரோப்பியப் படங்களில் அந்த ஆற்றின் போக்கு நெடுங்காலம் வேறு ஆறுகளோடு குழம்பிக் கிடந்தது, பின்னர் இந்தியப் படம் வரைந்த ஜேம்ஸ் ரெனல் காலத்தில்தான் அது தெளிவாயிற்று. தகவல் சொன்னவர்களுக்குப் பெயர் கொடுப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது என்பதும் சரியல்ல. ஐம்பது ஆண்டுகளுக்குள் காலின் மெக்கன்சியின் ஆய்வில் காவலி வேங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா ஆகியோர் பெயரோடு அறியப்பட்டார்கள். அவர்கள் இல்லாமல் மெக்கன்சியின் தொகுப்பு இல்லை என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. தான்வில்கூடத் தம் நூலில் பூதியே போன்றவர்களின் கணிப்பை ஆதாரமாகச் சொல்கிறார். சான்று சொன்னவர் ஐரோப்பியராக இருந்தால் பெயர் வந்தது. அவருக்குச் சொன்னவர் தமிழராகவோ தெலுங்கராகவோ இருந்தால் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இதைச் சொல்வது தான்வில்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அவர் கடைப்பிடித்த அதே ஆதார ஒழுக்கத்தை இன்னும் ஒரு படி கீழே கொண்டுபோவதற்காக.

அந்தப் படத்தின் பிற்கால வரலாறும் இதையே உறுதி செய்கிறது. பிரெஞ்சுக் கம்பெனிக்காக வரைந்ததைச் சில ஆண்டுகளுக்குள் லண்டனில் வில்லியம் ஹெர்பர்ட் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எதிரியின் கையிலும் அது பயன்பட்டது. 1783-இல் இந்தியப் படத்துக்கான விளக்க நூலை வெளியிட்ட ரெனல், உள்நாட்டைப் பற்றித் தெளிவற்ற வழிக்குறிப்புகளும் பயண நூல்களும் தவிர வேறொன்றும் கையில் இல்லாமல் தான்வில் இவ்வளவு நன்றாக வரைந்திருப்பது வியப்பளிக்கிறது என்று மனமாரப் பாராட்டினார். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து முக்கோண அளவைக்குத் தொடக்கம் செய்தபோது, சாட்சியங்களை ஒப்பிட்டுப் படம் போடும் காலம் முடிவுக்கு வரத் தொடங்கியது. அதன் பிறகு நிலத்தைக் கேட்டறிய வேண்டியதில்லை, அளந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. துல்லியத்தில் புதிய படங்கள் வெகுதூரம் முன்னேறின என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய படங்களில் இருந்த ஒன்று அவற்றில் குறைந்துபோயிற்று. மக்கள் எப்படி நடந்தார்கள், எந்த ஊரை எந்த ஊரோடு சேர்த்து நினைத்தார்கள், எந்தத் தூரத்தை ஒரு நாள் வழி என்று எண்ணினார்கள் என்ற செய்தி தான்வில்லின் தாளில் கோடுகளுக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

ஆகவே தான்வில்லின் சோழமண்டலப் படத்தைத் தமிழர்கள் தங்களுக்குச் சம்பந்தமில்லாத பிரெஞ்சுக் கலைப்பொருளாகப் பார்க்க வேண்டியதில்லை. அது பிரெஞ்சு அரசின் தேவைக்குப் பிறந்தது. ஒரு பெரிய அறிஞரின் நேர்மையால் உருப்பெற்றது. நம் மண்ணின் நடைபாதைகளை அறிந்தவர்களின் வாய்ச்சொல்லால் நிரம்பியது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் படிப்பதற்கு வேண்டிய ஆதாரங்கள் இன்று நம்மிடம் இருக்கின்றன: சேசு சபைக் கடிதங்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, செப்பேடுகளின் எல்லை வாசகங்கள், கல்வெட்டுகளில் வரும் பெருவழிகள், தான்வில்லின் விளக்க நூல். இவற்றை ஊர் ஊராக, வழி வழியாக அந்தப் படத்தோடு பொருத்திப் பார்க்கும் வேலை தமிழறிந்தவர்கள் மட்டுமே முழுமையாகச் செய்யக்கூடியது. படத்தில் ஒரு புள்ளியாக நிற்கும் ஊரின் பெயரை எந்த வழக்கில், எந்த வட்டார உச்சரிப்பில் சொல்லியிருப்பார்கள் என்று உணரக்கூடியவர்கள் அவர்கள்தான். தெரிந்ததற்கு ஆதாரம் காட்டு, தெரியாததைத் தெரியாது என்று எழுது என்பது தான்வில் விட்டுச்சென்ற பாடம். அந்தப் பாடத்தை அவருடைய படத்துக்கே பொருத்தி, அவர் பெயர் சொல்லாமல் விட்ட சாட்சிகளைத் தேடுவதுதான் அவருடைய உழைப்புக்கும் அவர்களுடைய அறிவுக்கும் ஒருசேர நியாயம் செய்யும் வழி.